பயந்தால் கால் நடுங்குவது ஏன்? – இப்னு சீனா காட்டிய மன நோய் மருத்துவம்

ஒரு முழ அகலப் பலகையைத் தரையில் போட்டு அதன்மேல் நடக்கச் சொன்னால் நம் வீட்டுப் பிள்ளைகள் ஓடியே காட்டுவார்கள். அதே பலகையை இரண்டு மாடிகளுக்கு நடுவே பாலமாக வைத்தால், பெரியவர்களுக்கே கால் நடுங்கும். பலகை அதேதான், காலும் அதேதான். பிறகு எது மாறியது?

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இந்த உதாரணத்தை எடுத்துக்கொண்டு விடை எழுதியவர் இப்னு சீனா. விழுந்துவிடுவோம் என்ற காட்சி உள்ளத்தில் அழுத்தமாகப் பதிந்துவிடுகிறது, உறுப்புகள் அந்தக் காட்சிக்குக் கீழ்ப்படிந்து விடுகின்றன என்பது அவர் தந்த விளக்கம். அறிவது, அஞ்சுவது, அசைவது ஆகிய மூன்றும் ஒன்றையொன்று இழுக்கும் கயிறுகள் என்று அவர் கண்டார். அவற்றில் ஒன்று பழுதானால் மற்றதும் கெடும், ஒன்றைச் சரிசெய்தால் மற்றதும் தேறும்.

இப்னு சீனா என்றால் மருத்துவ மேதை என்று நம் மதரஸா வினாடி வினாவில் ஒரு வரியில் பதில் சொல்லி முடித்துவிடுகிறோம். அவர் மன நோயையும் நரம்பு நோயையும் எப்படிப் பார்த்தார் என்பது நம் வீடுகளுக்குள் அதிகம் வரவில்லை. வந்திருந்தால், வலிப்பு வந்த பெண் பிள்ளையை மருத்துவரிடம் காட்டாமல் மறைத்து வைப்பதும், பேசாமல் மூலையில் உட்கார்ந்துவிட்ட வாலிபனுக்கு ஜின் பிடித்திருக்கிறது என்று மாதக்கணக்கில் ஊர் ஊராக அலைவதும் கொஞ்சமாவது குறைந்திருக்கும் என்று நாம் நினைக்கிறோம். அதற்காகவே அவருடைய வாழ்க்கையை இங்கே சற்று விரிவாகச் சொல்கிறோம்.

ஹிஜ்ரி 370, அதாவது கி.பி. 980இல், புகாராவுக்கு அருகிலுள்ள அஃப்ஷனா என்ற கிராமத்தில் பிறந்தார். புகாரா இன்று உஸ்பெகிஸ்தானில் இருக்கிறது. தந்தை அப்துல்லாஹ் பல்க் நகரத்தவர், ஸாமானிய அரசில் ஒரு வட்டாரத்தை நிர்வகித்த அதிகாரி. தாய் சித்தாரா அஃப்ஷனாவைச் சேர்ந்தவர். பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பம் புகாராவுக்குக் குடிபெயர்ந்தது. பத்து வயதில் திருக்குர்ஆனை மனனம் செய்து முடித்தார். இந்தியக் கணக்கு முறையை அவருக்குக் கற்றுக் கொடுத்தவர் ஒரு காய்கறி வியாபாரி. ஃபிக்ஹை இஸ்மாயில் அஸ்-ஸாஹித் என்பவரிடம் படித்தார். வீட்டில் தங்கவைக்கப்பட்ட நாத்திலீ என்ற ஆசிரியர் தர்க்கமும் கணிதமும் சொல்லிக் கொடுக்க வந்தார். கொஞ்ச நாளில் மாணவன் ஆசிரியரைத் தாண்டிவிட்டான்.

மருத்துவம் அவருக்குக் கடினமாகத் தோன்றவில்லை. பதினாறு வயதுக்குள் அனுபவசாலி மருத்துவர்களே அவரிடம் வந்து பாடம் கேட்டார்கள். அவரைத் திணறடித்தது தத்துவம். அரிஸ்டாட்டிலின் மீஇயற்பியல் நூலை நாற்பது தடவை படித்தும், வரிகள் மனப்பாடமாகிவிட்ட பிறகும், பொருள் விளங்கவில்லை. ஒரு நாள் புத்தகக் கடைத் தெருவில் ஒரு தரகர் ஃபாராபியின் சிறு நூல் ஒன்றை வேண்டாம் வேண்டாம் என்றவரிடம் மூன்று திர்ஹத்துக்குத் தள்ளிவிட்டார். வீட்டுக்கு வந்து படித்ததும் எல்லாம் தெளிந்தது. மறுநாள் ஏழைகளுக்கு ஸதகா கொடுத்து அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தினார். ஒரு பிரச்சினையில் சிக்கிக்கொண்டால் பள்ளிவாசலுக்குப் போய்த் தொழுது துஆச் செய்வது அவர் வழக்கம். களைப்பு தட்டிய இரவுகளில் மது அருந்தியதையும் அவரே ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார். மார்க்கம் தடுத்ததை அவருக்காக நாம் நியாயப்படுத்த வேண்டியதில்லை.

புகாராவின் அமீர் நூஹ் இப்னு மன்ஸூர் நோயில் விழுந்தபோது இளம் மருத்துவர் அழைக்கப்பட்டார். அமீர் தேறினார். அதற்குக் கிடைத்த பெரிய பரிசு, அரண்மனை நூலகத்துக்குள் நுழைய அனுமதி. அறை அறையாகப் பெட்டிகளில் அடுக்கப்பட்டிருந்த நூல்களைப் பதினெட்டு வயதுக்குள் படித்துத் தீர்த்தார். அந்த நிம்மதி நீடிக்கவில்லை. அமீர் இறந்தார், 999இல் ஸாமானிய அரசு சரிந்தது, தந்தையும் காலமானார். அன்று தொடங்கிய அலைச்சல் சாகும் வரை ஓயவில்லை. குர்கான்ஜ், நஸா, தூஸ் என்று ஊர் ஊராகக் கடந்து, அறிஞர்களை ஆதரிக்கும் அமீர் காபூஸை நம்பி காஸ்பியன் கடலோரத்து ஜுர்ஜானுக்கு வந்தார். அதற்குள் காபூஸைச் சொந்தப் படையினரே சிறைப்பிடித்துவிட்டார்கள். அவர் அங்கேயே இறந்தும் போனார்.

ஆனாலும் ஜுர்ஜான் பயணம் வீணாகவில்லை. அங்கேதான் அபூ உபைத் அல்-ஜூஸ்ஜானி மாணவராக வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து சுமார் இருபத்தைந்து ஆண்டுகள் ஆசிரியரை விட்டு அவர் பிரியவில்லை. இப்னு சீனா தன் இளமைக் கதையைச் சொல்ல, ஜூஸ்ஜானி எழுதிக்கொண்டார். மீதி வாழ்க்கையைக் கண்ணால் கண்டபடி தானே எழுதி முடித்தார். நாம் இங்கே சொல்வதில் பெரும்பகுதி அந்த ஏட்டிலிருந்து வந்ததுதான். ‘அல்-கானூன் ஃபித் திப்’ என்ற மருத்துவப் பெருநூலும் ஜுர்ஜானில்தான் தொடங்கியது.

அடுத்த ஊர் ரை. இன்றைய தெஹ்ரானுக்குத் தெற்கே இருந்த பெரிய நகரம். அங்கே ஆட்சி இளம் அமீர் மஜ்துத் தவ்லாவின் பெயரில் இருந்தது, அதிகாரம் அவருடைய தாயாரின் கையில் இருந்தது. அந்த இளைஞருக்கு மாலிகூலியா பிடித்திருந்தது. கறுப்புப் பித்தம் மிகுந்து மனம் இருண்டுபோகும் நோய் என்று அன்றைய மருத்துவம் அதைச் சொன்னது. காரணமில்லாத அச்சம், ஓயாத துக்கம், தனிமை நாட்டம், தவறான எண்ணங்கள் ஆகியவை அதன் அடையாளங்கள். அரச குடும்பம் இதை மறைத்து வைக்கவில்லை. மருத்துவரிடம் கொண்டுவந்தது. இப்னு சீனா வைத்தியம் செய்தார்.

கானூனின் மூன்றாம் பாகத்தில் இந்த நோய்க்கு நீண்ட இடம் ஒதுக்கியிருக்கிறார். அந்தப் பாகம் தலையில் தொடங்கிப் பாதம் வரை உறுப்பு உறுப்பாக இறங்கும். முதல் பகுதியே மூளை, இரண்டாவது நரம்புகள். மாலிகூலியா பற்றிய இடத்தில், இது ஜின்னால் வருவது என்று சில மருத்துவர்கள் கருதுவதைக் குறிப்பிடுகிறார். அதற்கு அவர் தரும் பதிலை நம் குடும்பங்கள் ஒவ்வொன்றும் அறிந்திருக்க வேண்டும். ஜின்னால் வருகிறதா இல்லையா என்று மருத்துவம் கற்கும் இடத்தில் அவர் வாதாடப் போவதில்லை. அப்படியே ஜின்னால் வந்தாலும், அது உடம்பின் தன்மையை மாற்றிக் கறுப்புப் பித்தத்தை மிகுவிப்பதன் மூலமாகத்தானே நோயாகிறது? அப்படியானால் மருத்துவன் கவனிக்க வேண்டியது அந்த உடம்பின் மாற்றத்தை, கொடுக்க வேண்டியது அதற்கான மருந்தை.

ஜின்கள் உண்டு என்பது நமது நம்பிக்கை. அதில் மாற்றமில்லை. நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து குர்ஆன் ஓதுவதையும் துஆச் செய்வதையும் யாரும் குறை சொல்லவில்லை. இப்னு சீனா எடுத்துக்காட்டியது வேறு. மறைவான காரணத்தைப் பற்றி என்ன நம்பினாலும், கண்முன் இருக்கும் உடம்புக்கு வைத்தியம் செய்யும் கடமை நம்மை விட்டுப் போய்விடாது. இவ்வளவு எளிதான, சண்டையில்லாத ஒரு பதிலைப் பதினோராம் நூற்றாண்டில் ஒருவர் எழுதி வைத்திருக்க, இன்றும் பால்கிதாபு பார்த்துவிட்டு மருத்துவரிடம் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் வீடுகள் இருக்கின்றன.

அவர் சொன்ன வைத்தியத்தில் மருந்தோடு வேறு பலவும் சேர்ந்திருந்தன. நோயாளியை நல்ல காற்றில் வைப்பது, நறுமணம், குளியல், எளிதில் செரிக்கும் உணவு, போதிய தூக்கம், மனதை வேலையிலும் மகிழ்ச்சியிலும் ஈடுபடுத்துவது எல்லாம் அதில் உண்டு. இரத்தம் எடுப்பதும் பேதிக்குக் கொடுப்பதும் உண்டு. அவற்றை இன்று யாரும் பின்பற்ற மாட்டார்கள். கறுப்புப் பித்தம் என்ற கொள்கையையே நவீன மருத்துவம் கைவிட்டுவிட்டது. அவர் எழுதிய ஒவ்வொரு வரியும் இன்றைய அறிவியலுக்கு முன்னோடி என்று காட்ட முயல்பவர்கள் அவருக்கு நன்மை செய்வதாக நமக்குத் தோன்றவில்லை.

காதல் நோயையும் அவர் இதே வரிசையில் வைத்தார். காதலி யார் என்று நோயாளி சொல்ல மறுத்தால், நாடியில் விரலை வைத்துக்கொண்டு பெயர்களையும் தெருக்களையும் ஊர்களையும் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். எந்தப் பெயரில் நாடி தடுமாறுகிறதோ அங்கே விஷயம் இருக்கிறது. இதைத் தானே செய்து பார்த்துப் பயனடைந்ததாகவும் எழுதுகிறார். பிறகு சொல்லும் வைத்தியம், மார்க்கம் அனுமதிக்கும் முறையில் இருவரையும் சேர்த்து வைப்பது! அப்படிச் சேர்த்து வைத்த பின், எலும்பும் தோலுமாகிவிட்ட ஒருவர் வெகு சீக்கிரத்தில் தேறியதைப் பார்த்ததாகவும் குறிப்பிடுகிறார். நாடி பார்த்துக் காதலைக் கண்டுபிடிக்கும் முறை கிரேக்க மருத்துவர் காலனிடமே உண்டு என்றாலும், பெயர் பெயராகச் சொல்லிச் சோதிக்கும் ஒழுங்கு இப்னு சீனாவிடம் தெளிவாக இருக்கிறது. முகம் மறைத்தாலும் நாடி மறைக்காது என்பதை அவர் பிடித்துக்கொண்டார்.

அவரைப் பற்றி இன்னொரு கதை, நூறாண்டுக்குப் பின் நிஜாமி அரூழி எழுதிய ‘சஹார் மகாலா’வில் வருகிறது. புவைஹி அரச குடும்பத்து இளைஞர் ஒருவர் தன்னைப் பசு என்று நம்பி, என்னை அறுத்து ஹரீஸா சமையுங்கள் என்று கத்திக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தார். இப்னு சீனா கசாப்புக்காரராகக் கத்தியோடு வந்து, கை கால்களைக் கட்டிப் படுக்கவைத்து, விலாவைத் தடவிப் பார்த்துவிட்டு, இந்தப் பசு மிகவும் மெலிந்திருக்கிறது, நன்றாகத் தீனி போட்டுக் கொழுக்கவையுங்கள், பிறகு அறுக்கலாம் என்று சொல்லிப் போய்விட்டார். கொழுக்க வேண்டும் என்ற ஆசையில் இளைஞர் சாப்பிடத் தொடங்கினார். உணவோடு மருந்தும் உள்ளே போனது. ஒரு மாதத்தில் குணமானார். ஜூஸ்ஜானியின் ஏட்டில் இது இல்லை, எனவே கதையாகவே வைத்துக்கொள்வோம். நோயாளியிடம் நீ பசு இல்லை என்று ஒருவரும் வாதாடவில்லை, ஒருவரும் அடிக்கவும் இல்லை என்பது நமக்குப் பிடித்திருக்கிறது.

ரையிலிருந்து ஹமதானுக்குப் போனார். அமீர் ஷம்ஸுத் தவ்லாவின் கடும் வயிற்று வலியைக் குணப்படுத்தியதில் அமைச்சர் பதவி கிடைத்தது. படையினர் கலகம் செய்து அவர் வீட்டைச் சூறையாடி, அவரைக் கொல்லவும் சொன்னார்கள். நாற்பது நாட்கள் ஒரு நண்பர் வீட்டில் ஒளிந்திருந்தார். அமீருக்கு மறுபடி வயிற்று வலி வந்தது, மறுபடி அமைச்சரானார்! பகலில் அரசுப் பணி, இரவில் பாடம். மாணவர்கள் முறைவைத்து ஒருவர் ‘ஷிஃபா’வையும் ஒருவர் ‘கானூனை’யும் வாசிப்பார்கள். இதயத்துக்கான மருந்துகள் பற்றிய அவரது நூலும் ஹமதானில் எழுதியதே. உள்ளத்தின் மகிழ்ச்சியும் துக்கமும் உடம்பின் எந்த நிலையில் எளிதாக எழுகின்றன என்று அந்நூல் ஆராய்கிறது.

மருத்துவத்தைக் கானூனிலும் தத்துவத்தை ஷிஃபாவிலும் எழுதினார். பலகை உதாரணம் ஷிஃபாவின் ஆன்மாவைப் பற்றிய பகுதியில் வருகிறது. ஆடு ஓநாயைக் கண்டதும் ஓடுவது ஏன் என்ற இன்னொரு கேள்வியும் அங்கே உண்டு. கண் பார்ப்பது ஓநாயின் நிறத்தையும் வடிவத்தையும் மட்டும்தான். அதன் பகைமைக்கு நிறமோ வடிவமோ கிடையாது. அப்படியிருக்க ஆடு பகைமையை எப்படி அறிந்தது? இதற்கென உள்ளே ஒரு தனிப் புலன் இருக்க வேண்டும் என்று சொல்லி அதற்கு ‘வஹ்ம்’ என்று பெயர் வைத்தார். ஐம்புலன்களைப் போல உள்ளேயும் ஐந்து: வெளிப்புலன்கள் தருவதை ஒன்று சேர்ப்பது, அதைப் படமாக வைத்திருப்பது, படங்களைச் சேர்த்தும் பிரித்தும் சிந்திப்பது, பகையும் நேசமும் உணரும் வஹ்ம், கடைசியில் நினைவு. மூளையின் முன்னிருந்து பின்னாக ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் குறித்தார். அந்த இடம் பழுதானால் அந்த ஆற்றல் கெடுவதை ஆதாரமாகக் காட்டினார். அவர் குறித்த இடங்கள் சரியல்ல என்று இன்று தெரியும். ஆனால் பழுதை வைத்து வேலையைக் கண்டுபிடிக்கும் அந்த வழி நரம்பியல் மருத்துவர்கள் இன்றும் நடக்கும் வழி.

அசைவின் நோய்களையும் அவர் விடவில்லை. வலிப்பு, பக்கவாதம், முகவாதம், மரத்துப்போதல், நடுக்கம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதினார். கை நடுக்கம் என்பது, உறுப்பைத் தூக்கி நிறுத்த முயலும் சக்திக்கும் அதைக் கீழே இழுக்கும் பாரத்துக்கும் இடையே நடக்கும் இழுபறி என்றார். முதுமை மட்டுமல்லாமல் அச்சமும் கோபமும்கூட நடுக்கம் தரும் என்பதையும் சேர்த்தார். நடுக்குவாதத்தை ஒரு தனி நோயாக லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்தது 1817இல். அந்த நோயில் கை மட்டும் நடுங்குவதில்லை, முகத் தசைகளும் இறுகி முகம் முகமூடி போலாகிவிடும். பிறர் முகத்தில் தெரியும் கோபத்தையும் துக்கத்தையும் இனம் காண்பதும் பலருக்குக் கடினமாகிறது என்று இன்றைய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பேரப்பிள்ளை ஓடி வந்தாலும் சிரிக்காத அப்பாவைக் கண்டு, இவருக்குப் பாசமே போய்விட்டது என்று வீட்டில் வருந்துகிறார்கள். பாசம் உள்ளே இருக்கிறது, அதை வெளியே கொண்டுவரும் தசைதான் ஒத்துழைக்கவில்லை. இந்த நுணுக்கம் இப்னு சீனாவுக்குத் தெரியாது. உணர்ச்சியும் அசைவும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை என்ற அடிப்படை தெரிந்திருந்தது.

1021இல் ஷம்ஸுத் தவ்லா இறந்ததும் புதிய அமீர் பதவி தர முன்வந்தார். இவர் ஏற்கவில்லை. ஒரு மருந்து வியாபாரியின் வீட்டில் மறைந்திருந்து, கையில் ஒரு நூலும் இல்லாமல் நினைவிலிருந்தே நாளுக்கு ஐம்பது ஏடு வீதம் ஷிஃபாவை எழுதினார். இஸ்ஃபஹான் அமீருடன் இரகசியக் கடிதத் தொடர்பு வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டி, ஃபர்தஜான் கோட்டையில் நான்கு மாதம் சிறை வைத்தார்கள். அங்கேயும் எழுதினார். பின்பு சூஃபி உடையில், தம்பியோடும் ஜூஸ்ஜானியோடும் இரண்டு அடிமைகளோடும் இஸ்ஃபஹானுக்குத் தப்பினார். கடைசி ஆண்டுகள் அங்கே அமீர் அலாவுத் தவ்லாவின் ஆதரவில் கழிந்தன.

அவருடைய தத்துவக் கருத்துகள் சிலவற்றை, குறிப்பாக உலகம் தொடக்கமில்லாதது என்பதையும் உடலோடு எழுப்பப்படுவது பற்றிய அவரது நிலையையும், பின்னாளில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) கடுமையாக மறுத்தார்கள். அந்த மறுப்பு மருத்துவத்துக்கு எதிரானதல்ல. மருத்துவம் கற்பது சமுதாயத்தின் மீதுள்ள ஃபர்ளு கிஃபாயா என்று எழுதியவர்களும் அதே இமாம்தான். கானூன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் டொலேடோவில் ஜெரார்டால் லத்தீனுக்குப் போய், பதினேழாம் நூற்றாண்டு வரை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பாடநூலாக இருந்தது. யூனானி மருத்துவத்தின் ஆதார நூல்களில் ஒன்றாக, சென்னை அரசு யூனானி மருத்துவக் கல்லூரி மாணவர்கள் வரை அதன் தொடர்ச்சி நீள்கிறது.

பிறரின் வயிற்று வலியைத் தீர்த்துப் பதவி பெற்றவருக்கு, அதே வயிற்று வலிதான் முடிவாக வந்தது. படையெடுப்பின் நடுவே நோயுற்றார். சீக்கிரம் குணமாக வேண்டுமென்று ஒரே நாளில் எட்டுத் தடவை குடல் கழுவும் மருந்தைச் செலுத்திக்கொண்டார். குடல் புண்ணாகியது. உதவியாளர் மருந்தில் ஒரு விதையை அளவுக்கு மீறிச் சேர்த்தார். அவர் பணத்தைக் களவாடியிருந்த பணியாளர்கள் அபினை அதிகமாகக் கலந்ததாகவும் ஜூஸ்ஜானி எழுதுகிறார். இனித் தேறமாட்டோம் என்று தெரிந்ததும் மருந்தை நிறுத்திவிட்டார். தவ்பாச் செய்து, சொத்தை ஏழைகளுக்குக் கொடுத்து, அடிமைகளை விடுதலை செய்து, மூன்று நாட்களுக்கு ஒருமுறை குர்ஆனை ஓதி முடித்துக்கொண்டிருந்தார் என்று வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் குறிப்பிடுகிறார். ஹிஜ்ரி 428, ரமளான் மாதத்தில் (கி.பி. 1037) ஹமதானில் வஃபாத்தானார். கப்ரும் அங்கேதான்.

கானூனில் சேர்ப்பதற்காகத் தன் வைத்திய அனுபவங்களை அவர் தனி ஏடுகளில் குறித்து வைத்திருந்தார். நூல் முடிவதற்குள் அந்த ஏடுகள் தொலைந்துவிட்டன. ஜூஸ்ஜானியின் நினைவில் இரண்டு எஞ்சின. ஒரு நாள் கடும் தலைவலி வந்தபோது நிறையப் பனிக்கட்டியை நொறுக்கித் துணியில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு தன்னையே குணப்படுத்திக்கொண்டார். குவாரிஸ்மில் காசநோயால் வாடிய ஒரு பெண்ணுக்கு மற்ற மருந்துகளையெல்லாம் நிறுத்திவிட்டு, ரோஜா இதழும் சர்க்கரையும் சேர்த்த குல்கந்தை மட்டும் கொடுத்து வந்தார். அந்தப் பெண் நூறு மன் அளவு சாப்பிட்டுத் தேறினாள்.